வண்ணக்கல் வாங்குமுன்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நகை வாங்கப் போகிறவர்கள் டச் (உலோகத்தின் தூய்மை), செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். கல் என்று வந்தால் மட்டும் "சிவப்பா, பச்சையா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது என்ன கல், நிறம் எங்கிருந்து வந்தது, கல்லுக்கு ஏதாவது செய்திருக்கிறார்களா என்ற மூன்றும்தான் விலையையும் ஆயுளையும் முடிவு செய்கின்றன. அதனால் கல் உருவாகும் கதையிலிருந்தே தொடங்கலாம்.

வண்ணக்கற்கள் பூமிக்குள் எப்படி உருவாகின்றன?

ஒரே வழியில் அல்ல. பூமிக்குள் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பழைய பாறை உருகாமலேயே வேறு பாறையாக மாறும். அப்போது உள்ளே இருக்கும் தனிமங்கள் புதிதாகக் கூடிப் படிகமாகின்றன. மாணிக்கமும் கார்னெட்டும் பெரும்பாலும் இப்படி வந்தவை. பர்மாவின் மோகோக் மாணிக்கம் சலவைக்கல்லுக்குள் வளர்ந்தது.

இன்னொரு வழி, உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது கடைசியாக மிஞ்சும் நீர்ச்சத்துள்ள குழம்பு. கற்கண்டுப் பாகை ஆடாமல் அசையாமல் விட்டால் பெரிய பெரிய கட்டியாக விளைவது போல, இந்தக் கடைசிக் குழம்பில் படிகங்கள் பெரிதாக விளையும். பெக்மடைட் என்று அந்தப் பாறைக்குப் பெயர். அக்வாமரின், டூர்மலின், புஷ்பராகம் என்ற பெயரில் விற்கும் டோபாஸ் எல்லாம் அங்கே கிடைப்பவை. ஓபல், டர்க்காய்ஸ் போன்றவை மேல்மட்டத்தில், கசியும் நீர் விட்டுச் சென்ற பொருளிலிருந்து உருவாகின்றன. முத்தும் பவளமும் உயிரினங்கள் தந்தவை, பாறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

எல்லாக் கல்லையும் உருவான இடத்திலேயே தோண்டி எடுப்பதில்லை. பாறை சிதைந்து மழையில் அடித்துவரப்பட்டு, கனமான கற்கள் ஆற்றுச் சரளையில் தங்கிவிடும். இலங்கையின் இரத்தினபுரியில் அந்தச் சரளையைத்தான் தோண்டி அரிக்கிறார்கள்.

ஒரே கல் ஒரு இடத்தில் சிவப்பு, இன்னொரு இடத்தில் நீலம். எப்படி?

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். இரண்டுமே குருந்தம், அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது. அதில் நூற்றில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவாகக் குரோமியம் புகுந்தால் மாணிக்கச் சிவப்பு. குரோமியத்துக்குப் பதில் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து புகுந்தால் நீலம்.

இதில் எனக்கு என்றும் வியப்புத் தருவது மரகதம். அதன் பச்சைக்கும் பெரும்பாலும் குரோமியம்தான் காரணம். மாணிக்கத்தைச் சிவக்க வைத்த அதே தனிமம் பெரில் என்ற கனிமத்துக்குள் போனால் பச்சை காட்டுகிறது. சுற்றியிருக்கும் அணுக்களின் நெருக்கம் மாறுவதால் அது விழுங்கும் ஒளியும் மாறிவிடுகிறது. அதே பெரிலில் இரும்பு புகுந்தால் கடல்நீர் நிற அக்வாமரின்.

குவார்ட்சில் இரும்பும் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஊதா நிற அமெதிஸ்ட். அதைச் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும், சந்தையில் சிட்ரின் என்று வரும் கல்லில் பெரும்பகுதி இப்படிச் செய்ததுதான். பெரிடாட்டுக்கு வெளியார் உதவி வேண்டாம், அதன் சொந்தச் சேர்மானத்தில் உள்ள இரும்பே இளம்பச்சை தருகிறது. நிலாக்கல்லின் மங்கல் ஒளியும் வைடூரியத்தின் பூனைக்கண் கோடும் நிறமே அல்ல. உள்ளே மெல்லிய அடுக்குகளும் இழைகளும் ஒளியைச் சிதறடிப்பதால் தெரிபவை.

சேர்வராயன் மலையில் ரத்தினம் கிடைக்குமா?

நகைக்கு ஆகும் கல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ரத்தினத்துக்கு வேண்டிய மூலப்பொருள் இத்தனை வகை அருகருகே கிடக்கும் வட்டாரம் அபூர்வம்.

ஏற்காடு இருக்கும் இந்த மலையின் உடல் சார்னோகைட் என்னும் கருங்கல். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமையானது, ஆழத்தில் கடும் சூட்டில் வெந்து வந்தது. மலை உச்சியில் அது மழையிலும் வெயிலிலும் சிதைந்து பாக்சைட் ஆகியிருக்கிறது. மேட்டூரில் அலுமினியம் உருக்க இந்த மலையின் பாக்சைட்டும் போனது. மாணிக்கத்துக்கு வேண்டிய அலுமினியம் அங்கே இருக்கிறது.

கீழே இறங்கினால், ஓமலூர் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்கள். அந்த வெள்ளைக்கல் மேக்னசைட். அது பிறந்த தாய்ப்பாறையின் பெயர் டூனைட், பெரும்பகுதி ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். ஆலிவின் தெளிவாகவும் பெரிதாகவும் விளைந்தால் அதற்குத்தான் பெரிடாட் என்று பெயர். நம் ஊர் ஆலிவின் நுண்மணிகளாக இருக்கிறது. கரியமில வாயு கலந்த நீர் அதைச் சிதைத்து மேக்னசைட் நரம்புகளாக மாற்றிவிட்டது. நகைக்கு ஆகவில்லை, எஃகு உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல்லுக்கு ஆனது.

அதே பாறையில், கருப்பூர் பக்கம், குரோமைட்டும் உண்டு. மாணிக்கத்துக்குச் சிவப்பும் மரகதத்துக்குப் பச்சையும் தரும் குரோமியம் அதில் இருக்கிறது. சேலம் இரும்பாலையின் எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் குரோமியமே காரணம்.

அலுமினியமும் இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது. அப்புறம் ஏன் மாணிக்கம் இல்லை?

இரண்டும் ஒரே பாறையில், ஆழத்தில், சரியான சூட்டில் சந்திக்க வேண்டும். கூடவே சிலிக்கா விலகி இருக்க வேண்டும். சிலிக்கா தாராளமாக இருந்தால் அலுமினியம் அதோடு சேர்ந்து ஃபெல்ட்ஸ்பார் மாதிரி சாதாரணக் கனிமமாகிவிடும், குருந்தம் உருவாகாது. மரகதத்துக்குச் சிக்கல் இன்னும் பெரிது. அதற்கு வேண்டிய பெரிலியம் கிரானைட் குடும்பத்துச் சொத்து, குரோமியம் டூனைட் குடும்பத்துச் சொத்து. இரண்டு குடும்பமும் ஒட்டி வருவது உலகத்திலேயே சில இடங்களில்தான்.

அலுமினியமும் குரோமியமும் சந்தித்த இடம் தூரத்தில் இல்லை. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறைக்குள் இளஞ்சிவப்புக் குருந்தம் கிடைக்கிறது. பெரும்பாலும் ஒளி ஊடுருவாத கல் அது. சந்திரயான் ஊர்தியைச் சோதிக்க நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது இந்த வட்டாரத்து அனார்த்தோசைட்டைத்தான் அரைத்துக் கொடுத்தார்கள்.

கொங்கு நாட்டில் கல் தொழில் பழங்காலத்தில் இருந்ததா?

இருந்தது, அதுவும் வெளிநாட்டு வணிகத்தோடு. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் என்ற ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் அங்கே அகழாய்வு நடத்தியது. பெரில், நீலம், குவார்ட்ஸ், அகேட், சூதுபவளம் ஆகியவற்றில் செய்த மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு, பாதி தீட்டியவை, துளையிடும்போது உடைந்தவை, வெட்டி எறிந்த சில்லுகளும் கிடைத்தன. வாங்கிப் பூட்டிய ஊராக இருந்தால் சில்லு கிடைக்காது, இது செய்த ஊர். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இதுதான் என்பது அறிஞர்களின் கருத்து. பெரில் கல் காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்தது. நிலாக்கல், அக்வாமரின் போன்றவற்றுக்குக் காங்கேயம், கரூர் வட்டாரம் இன்றைக்கும் பெயர் பெற்றது.

கடையில் கெம்பு என்கிறார்கள். அது மாணிக்கமா?

கெம்பு என்று கேட்டால் மாணிக்கம் வரலாம், செயற்கை மாணிக்கம் வரலாம், வெறும் சிவப்புக் கண்ணாடியும் வரலாம். கோயில் நகை பாணியில் வரும் கெம்பு செட்டில் பெரும்பாலும் கடைசி இரண்டும்தான். அதில் தப்பில்லை, விலையும் அதற்கேற்றபடி இருந்தால். பச்சைக்கல் என்பதும் அப்படியே. மரகதம் என்று பில்லில் எழுதச் சொன்னால் கடைக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த யோசனையே உங்களுக்குப் பதில்.

புஷ்பராகம் என்ற பெயரில் இரண்டு தனித்தனிக் கற்கள் நடமாடுகின்றன. ஒன்று மஞ்சள் நீலம், அதாவது மஞ்சள் நிறக் குருந்தம். மற்றது டோபாஸ். முன்னதன் விலை பின்னதைவிடப் பல மடங்கு. கோமேதகம் தேன்நிறக் கார்னெட். வைடூரியம் என்று விற்க வேண்டியது கிரைசோபெரில். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் அது கிடைக்கிறது. குவார்ட்சிலும் பூனைக்கண் கோடு வரும், அது மலிவான கல்.

ஏற்காட்டில் நீல நிறப் பாசி மாலை வாங்கினேன். டர்க்காய்ஸ் என்றார்கள். உண்மையா?

விலை சில நூறு ரூபாய் என்றால் ஏறக்குறைய நிச்சயமாக இல்லை. உலகெங்கும் டர்க்காய்ஸுக்குப் பதிலாகச் சாயம் ஏற்றி விற்கப்படும் கற்களில் முக்கியமானது மேக்னசைட். ஆமாம், நம் வெள்ளைக்கல்லின் அதே கனிமம். நுண்துளை உள்ள வெள்ளைக் கல் என்பதால் சாயத்தை நன்றாகக் குடிக்கும்.

ஒரு மணியை எடுத்து நூல் போகும் துளையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். துளையின் விளிம்பில் நீலம் அடர்ந்து தேங்கி நிற்கும். துளைக்குள் சில்லு பெயர்ந்த இடம் இருந்தால் அங்கே வெளுப்பு தெரியும். மேலே ஓடும் கறுப்பு நரம்புகளிலும் சாயம் ஊறிப்போய்க் கரை கலங்கியிருக்கும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் பல மணிகளில் நீலம் பஞ்சில் ஒட்டும். மாலை அழகாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குத் தடை ஏதும் இல்லை. டர்க்காய்ஸ் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே கல்லைச் சோதிக்க முடியுமா?

ஓரளவு. கல்லை உரசிப் பார்ப்பது, தீயில் காட்டுவது இரண்டும் வேண்டாம். நல்ல கல்லே கெட்டுப்போகும்.

முதலில் கல்லைக் கடை விளக்கிலிருந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். மஞ்சள் விளக்கு எந்தச் சிவப்புக் கல்லையும் மாணிக்கமாகக் காட்டும். அடுத்தது பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், விலை அதிகமில்லை. உள்ளே உருண்டை உருண்டையாகக் குமிழி தெரிந்தால் கண்ணாடியாக இருக்கலாம். மாணிக்கத்தில் வளைந்த மெல்லிய வரிகள் தெரிந்தால் அது உலையில் வளர்த்தது, இயற்கையில் வரிகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும்.

கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் மாணிக்கம் பெரும்பாலும் சிவப்பாக ஒளிரும், கார்னெட் ஒளிராது. செயற்கை மாணிக்கமும் ஒளிரும், பல சமயம் இன்னும் பளிச்சென்று. அதனால் இந்தச் சோதனை கார்னெட்டை விலக்க உதவும், அவ்வளவுதான். சிவப்புக் கார்னெட்டைத் தெர்மோகோல் துண்டில் வைத்து நீரில் மிதக்கவிட்டு, வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் துண்டு காந்தத்தை நோக்கி நகரும். மாணிக்கம் அசையாது. பிள்ளைகளுக்குச் செய்து காட்ட நல்ல சோதனை.

பெரிய தொகை என்றால் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சூடு காட்டிய கல், கண்ணாடி நிரப்பிய கல் என்கிறார்களே?

இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது. மாணிக்கத்தையும் நீலத்தையும் உலையில் சூடாக்கி நிறத்தைத் தெளிய வைப்பது காலங்காலமாக நடப்பது. நிலையான மாற்றம், கல் கெடாது. சூடு காட்டாத கல்லுக்கு விலை கூடுதல், அந்த வித்தியாசம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றுவதும் வழக்கம்.

ஆபத்தானது ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம். ஒன்றுக்கும் ஆகாத வெடிப்பு விழுந்த கல்லில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊற்றி விடுகிறார்கள். வெறும் கண்ணுக்கு அருமையான கல். லென்ஸில் மெல்லத் திருப்பினால் வெடிப்பு ஓடும் இடத்தில் நீலப் பளிச்சு வந்து மறையும், இடையிடையே தட்டையான குமிழிகள் தெரியும். எலுமிச்சைச் சாறு போன்ற மெல்லிய அமிலமே அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். மோதிர அளவு மாற்றப் பத்தர் ஊதுகுழல் தீயைக் காட்டினாலும், திராவகத்தில் போட்டாலும் கல்லில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும். பழி பத்தர் மேல் போகும், காரணம் விற்றவர் சொல்லாமல் விட்டது.

செயற்கைக் கல் என்றால் போலியா?

இல்லை. வெர்னூயில் என்ற பிரெஞ்சு வேதியியலர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். அந்தக் கல்லும் அலுமினியமும் ஆக்சிஜனும் குரோமியமும்தான், கடினமும் அதே. மாணிக்கம் போலத் தெரியும் கண்ணாடிதான் போலி. திருச்சியில் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுவது பல குடும்பங்களின் குடிசைத் தொழிலாக இருந்தது. 2023-ல் இந்தியப் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்குப் பரிசளித்தது ஆய்வகத்தில் வளர்த்த 7.5 காரட் வைரம். செயற்கை என்று சொல்லி விற்றால் நியாயமான பொருள், இயற்கை என்று சொல்லி விற்றால் மோசடி.

தினமும் போட எந்தக் கல் நல்லது?

கடினத்தை மோஸ் என்ற அளவுகோலில் 1 முதல் 10 வரை சொல்வார்கள். வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, கிரைசோபெரில் 8.5, டோபாஸ் 8, மரகதம் 7.5 முதல் 8. குவார்ட்ஸ் 7. நிலாக்கல் 6 முதல் 6.5, பவளம் 3 முதல் 4. தெருப்புழுதியில் குவார்ட்ஸ் துகள் எப்போதும் இருக்கும், ஆகவே 7-க்குக் கீழே உள்ள கல் மோதிரத்தில் நாளடைவில் மங்கும். தோட்டிலும் பதக்கத்திலும் வைத்தால் நீண்ட காலம் இருக்கும். மரகதம் கடினம்தான், ஆனால் உள்வெடிப்பு உள்ளதால் தட்டினால் விள்ளும். பாத்திரம் தேய்க்கும் கையில் வேண்டாம்.

வெள்ளிக் கொலுசில் கல் வைக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கல் வைத்த கொலுசு நிறையச் செய்கிறார்கள். அதில் வருவது பெரும்பாலும் ஏ.டி. கல், அதாவது க்யூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல். கடினம் 8-க்கு மேல், கொலுசுக்குப் பொருத்தமான தேர்வு. நிலாக்கல், முத்து, பவளம் வைத்துக் கேட்காதீர்கள், தரையில் உரசி ஒரு வருடத்தில் ஒளி போய்விடும். பசையால் ஒட்டியதா, முள் மடக்கிப் பிடித்ததா என்று பாருங்கள். ஒட்டிய கல் பாலிஷுக்குப் போனால் திரும்பி வராது.

பில்லில் என்ன இருக்க வேண்டும்?

மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் தனித்தனியாக. கல்லுக்குத் தங்க விலை கொடுப்பது இன்றும் நடக்கிறது. கல்லின் பெயர், இயற்கையா செயற்கையா, என்ன பதப்படுத்தல் செய்தது என்பதையும் எழுதி வாங்குங்கள். பி.ஐ.எஸ். ஹால்மார்க் உலோகத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எடையை ரத்தியில் சொன்னால் காரட்டில் கேளுங்கள். ரத்திக் கணக்கு கடைக்குக் கடை மாறும், காரட் எங்கும் 0.2 கிராம்தான். இன்னொன்று: மாணிக்கம் மரகதத்தைவிடக் கனமான பொருள், அதனால் ஒரே காரட்டில் மரகதம் பெரிதாகத் தெரியும்.

ராசிக்கல், பிறந்த மாதக் கல் பார்த்துப் பரிசளிக்கலாமா?

கல் நோயைத் தீர்க்கும், கடனை அடைக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. நம்பிக்கையோடு அணிகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். கடன் வாங்கி ராசிக்கல் வாங்குவதை மட்டும் கட்டாயம் தடுப்பேன். பிறந்த மாதக் கல் பட்டியல் அமெரிக்க நகை வணிகர்கள் 1912-ல் ஒழுங்குபடுத்தியது: ஜனவரிக்குக் கார்னெட், மே மாதத்துக்கு மரகதம், ஜூலைக்கு மாணிக்கம், ஆகஸ்டுக்குப் பெரிடாட், இப்படிப் போகும். நட்புக்குப் பரிசு தேட அது வசதியான பட்டியல். கார்னெட், அமெதிஸ்ட், பெரிடாட் மூன்றும் இயற்கைக் கல்லாகவே நடுத்தர விலையில் கிடைக்கும். பெரிய போலி மரகதத்தைவிடச் சின்ன நல்ல பெரிடாட் பல மடங்கு மேலான பரிசு.

அறுபதாம் கல்யாணத்துக்கு நவரத்தின மோதிரம் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் முத்தும் பவளமும் இருப்பதால், வைரமும் மாணிக்கமும் தாங்கும் தேய்ப்பை மோதிரம் தாங்காது. பதக்கமாகக் கொடுப்பது நல்லது. காதுகுத்துக்குக் குழந்தைக்குக் கல் வைத்த தோடு வேண்டாம். கல் கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

பூந்திக்கொட்டை ஊறிய நீர், மிருதுவான பிரஷ், பிறகு நல்ல தண்ணீர். மாணிக்கம், நீலம், வைரம், கார்னெட்டுக்கு இது போதும். முத்தையும் பவளத்தையும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். வினிகர், எலுமிச்சை, பற்பசை கிட்டே கொண்டுபோகக் கூடாது. மரகதத்தைக் கடையில் உள்ள அதிர்வு இயந்திரத்தில் போட விடாதீர்கள், ஏற்றிய எண்ணெய் வெளியேறி வெடிப்பு தெரிய ஆரம்பிக்கும்.

பாட்டியின் பழைய கல் தோட்டை அழித்துப் புதிதாகச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் முதலில் பின்பக்கம் பாருங்கள். பழைய தோடுகளில் கல்லுக்குப் பின்னால் மூடி அடைத்து, உள்ளே மின்னும் தகடு வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் தகடு கறுத்துக் கல் இருண்டுவிடும். கல்லின் நிறத்தில் ஒரு பகுதி அந்தத் தகடு தந்ததாகவும் இருக்கலாம், அதனால் புதிய நகையில் திறந்தபடி பதித்தால் வெளிறித் தெரியக்கூடும். பத்தரிடம் கொடுக்குமுன் போட்டோ எடுத்து, கல் எத்தனை என்று எண்ணிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தீ காட்டுமுன் எல்லாக் கல்லையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். கழற்றிய கற்களை உங்கள் முன்னாலேயே எடை போட்டு, ஒரு தாளில் மடித்து, பெயர் எழுதி வைக்கச் சொன்னால் எந்தப் பத்தரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.